வாய்ப் புற்றுநோய் பரவுவது: நாம் தவறாக நினைப்பவை

புற்றுச் செல்கள் தாங்களாகவே பெருகி, தாங்களாகவே பரவுகின்றன என்ற எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். வாயில் வந்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், புற்றுச் செல்களைச் சுற்றி ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசுச் செல்களும் தெரியும். கொலாஜன் நார்களை உருவாக்குவதும் காயத்தை ஆற்றுவதும்தான் இவற்றின் இயல்பான வேலை. புற்றுச் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களைச் சுரந்து இவற்றை உசுப்பிவிடுகின்றன. காயம் ஆறியதும் அடங்க வேண்டியவை, இங்கே அடங்குவதில்லை. சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. புற்றுச் செல்களை நகரத் தூண்டும் புரதங்களையும் தருகின்றன. நார்களை இழுத்து வரிசையாக்குவதால், நாக்குத் தசைக்குள் புற்றுச் செல்கள் ஊர்ந்து போக வழி கிடைக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் வராமலும் தடுக்கின்றன.

சரி, இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் சேர்த்து அழித்துவிட்டால்? பலருக்கும் தோன்றுவது இதுதான், அதுவும் தவறு. 2014இல் கணையப் புற்றுள்ள எலிகளில் இப்படிச் செய்து பார்த்தார்கள். கட்டி இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரம் இறந்தன. இந்தச் செல்களில் பல வகை உண்டு, புற்றை அடக்கி வைப்பவையும் அவற்றில் இருக்கின்றன. அதனால் இவற்றின் போக்கை மாற்ற முடியுமா என்றும் ஆராய்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, “புகையிலை இல்லை, வெறும் பாக்குதானே” என்ற பேச்சு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின், வாயின் ஃபைப்ரோபிளாஸ்ட்களை அளவுக்கு மீறிக் கொலாஜன் உருவாக்க வைக்கிறது. அதிலுள்ள தாமிரம், அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கு வலுவூட்டுகிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கும், காரம் பட்டால் எரியும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். இந்த நார்த்திசு நோய் வந்த எல்லோருக்கும் புற்று வருவதில்லை, ஆனால் வருகிற அபாயம் நிச்சயம் கூடுகிறது. பல் கோளாறு, வயிற்றுச் சூடு என்று நாள் கடத்தாமல் பாக்கை உடனே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். நிறுத்தினாலும் விறைப்பு முழுதாகப் போகாது, அதனால் தொடர்ந்து காட்டி வரவும் வேண்டும்.

அப்புறம், “புண் சின்னதுதானே” என்பது. மேலே சின்னதாகத் தெரியும் புண் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கலாம். அதனால்தான் இப்போது நோயின் கட்டத்தைக் கணிக்க அகலத்தோடு ஆழத்தையும் அளக்கிறார்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.

கழுத்தில் நெறி கட்டவில்லை என்பதால் அங்கே பரவவில்லை என்றும் நினைக்கக் கூடாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களை (வீங்கினால் நெறி என்கிறோமே, அவற்றை) முதல் அறுவையிலேயே எடுத்தபோது மூன்றாண்டு உயிர்பிழைப்பு 80 சதவீதம். நெறி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்த குழுவில் அது 67.5 சதவீதம்தான்.