இரண்டு இரவு யாழ்ப்பாணத்தில்: நல்ல உணவகம் தேடுவோர் விடும் பிழைகள்

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம் சோடி எங்கள் விறாந்தையில் இருந்து, நான்கு பெரிய உணவகங்களின் மெனுவை ஃபோனில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணை, இங்கதான் நண்டு மலிவு" என்று பெடியன் திரையைக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. ஒருகாலத்தில் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

மேசையை முற்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுவோம்.

மெனுவில் உள்ள இலக்கத்தை விலை என்று நம்புவது

நண்டுக்கு நேரே உள்ள இலக்கம் ஓரிடத்தில் ஒரு தட்டுக்கு, இன்னோரிடத்தில் 100 கிராமுக்கு. மூன்றாவது கடையில் இலக்கமே இராது, 'இன்றைய விலை' என்றிருக்கும்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தை நான் கூட்டிப்போனது 100 கிராம் கடைக்கு. மெனுவில் அதுதான் ஆக மலிவு. தாம்பாளத்தில் மூன்று நண்டு வந்தது, தடித்த தும்புக் கயிற்றால் கட்டி, கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. பிள்ளைகள் படம் எடுத்தார்கள், நான் தலையாட்டினேன். பில்லில் இரண்டேமுக்கால் கிலோ. கயிற்றோடு நிறுத்ததா, இல்லாமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சான் பர்ஸை எடுக்க, "நீ விடு, நான் குடுக்கிறன்" என்று வீறாப்புப் பேசினேன். அந்த மாதம் மோட்டார் சைக்கிள் லீசிங் கட்டவில்லை.

நிறையோடு கதை முடியாது. சேவைக் கட்டணம் 10 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து வற் (VAT) வரி 18 சதவீதம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இதெல்லாம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 5,000 ரூபாய் என்று கண்டது மேசைக்கு வரும்போது 6,400ஐயாவது தொடும். பக்கத்துக் கடை எல்லாம் சேர்த்து 6,000 என்று போட்டிருந்தால் அதுதான் மலிவு. ஆனால் திரையைப் பார்க்கிறவன் 5,000க்குத்தான் ஓடுவான்.

காலையில் பாசையூர் மீன் சந்தைக்கு ஒரு நடை போய் அன்றைய நண்டு விலையைக் கேளுங்கள். சந்தை விலைக்கு உணவகம் தராது, குளிரூட்டிக்கும் வெள்ளை மேசைவிரிப்புக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். எத்தனை மடங்கு கொடுக்கிறோம் என்றாவது தெரியட்டும். இரவு, சமைக்க முதல் கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். கயிற்றுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போதும்.

வேறு வேறு நண்டை ஒப்பிடுவது

சேற்று நண்டு தடித்த ஓடு, கொடுக்கு நிறையச் சதை. கடல் நண்டு சின்னது, ஓடும் மெல்லிசு. இரண்டுக்கும் மெனுவில் 'நண்டு' என்றே போடுவார்கள். சமையலும் அப்படித்தான், எங்கே போனாலும் முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பையே கேளுங்கள். ஓரிடத்தில் குழம்பு, மற்ற இடத்தில் பட்டர் கார்லிக் என்றால் எதை வைத்து நிறுப்பது?

நல்லூரில் கொடியேறிய பிறகு நண்டு தேடுவது

நல்லூர்க் கந்தன் திருவிழா நடக்கும் அந்த 25 நாளும் ஊரில் பாதிக்கு மேல் மரக்கறி. மரக்கறியையே ஒப்பிடுங்கள்.

போயா தினம்

பௌர்ணமி விடுமுறை, மது கிடையாது. கலண்டரைப் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு பெரிய சாப்பாடு

இரண்டாவது கடைக்குச் செய்யும் அநியாயம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெடியன் அந்த மலிவுக் கடைக்கு ஃபோன் எடுத்தான். "100 கிராமுக்கோ? வரி எல்லாம் சேர்த்தோ?" என்று கேட்டதும் மறுமுனையில் "கொஞ்சம் இருங்கோ" என்று பாட்டுப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிந்து, இரண்டாம் தரமும் தொடங்கிவிட்டது.