புதிதாக லினக்ஸ் நிறுவிய கணினி தொடங்கவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினியைத் தூக்கிப்போட மனம் வராமல் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவிப் பார்ப்பது நியாயமான முடிவுதான். நிறுவும் வேலையும் சுலபம். ஆனால் எல்லாம் முடிந்து கணினியை மீண்டும் தொடக்கும்போது கறுப்புத் திரையோ புரியாத ஆங்கில வரியோ வந்து நின்றால், புதியவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

அப்போது பலர் முதலில் செய்வது, மறுபடி அடியிலிருந்து நிறுவுவது. தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் இயங்குதளம் டிஸ்கில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கும். அதைப் போய் எழுப்பும் வழிதான் எங்கேயோ தடைபட்டிருக்கும். அந்தத் தடை அப்படியே இருக்க, இன்னொரு முறை நிறுவி என்ன பயன்? அவசரத்தில் டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தெரிவை அழுத்திவிட்டால் பழைய புகைப்படங்களும் போய்விடும்.

கணினி எழுவது ஒரு தொடர் ஓட்டம். மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ மென்பொருள் (பழக்கத்தில் நாம் பயாஸ் என்றே சொல்கிறோம்) முதலில் விழிக்கிறது. அது டிஸ்கில் இருக்கும் கிரப் என்ற சிறு நிரலைத் தேடி இயக்குகிறது. கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பிக் கடைசியில் உள்நுழைவுத் திரையைக் கொண்டுவருகிறது. கோல் யார் கையில் நழுவியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே திரையில் கடைசியாக வந்த செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள்

நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவ் இன்னும் செருகியிருக்கிறதா? அதையும், மற்ற யுஎஸ்பி டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டு ஒருமுறை தொடக்கிப் பாருங்கள். சில சமயம் வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம்கூடத் திரையில் வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. ஓட்டம் இன்னும் டிஸ்கை எட்டவே இல்லை. ரேம், திரை வயர், புதிதாக மாட்டிய எஸ்எஸ்டி ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

படி 2: சின்னம் வருகிறது, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது

யுஇஎஃப்ஐ விழித்துவிட்டது, ஆனால் கிரப்பைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். கணினியைத் தொடக்கியதும் பூட் மெனுவுக்கான விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினியில் எஸ்கேப். வரும் பட்டியலில் 'உபுண்டு' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நிறுவியது மின்ட், பெயர் உபுண்டுவா என்று குழம்ப வேண்டாம். மின்ட் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டதால் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே பதிவாகிறது. அதைத் தேர்ந்தெடுத்துக் கணினி எழுந்துவிட்டால் கோளாறு வரிசையில்தான். பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் அதை மேலே ஏற்றிச் சேமியுங்கள். லினக்ஸ் எட்டிக்கூடப் பார்க்காமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போனாலும் இதே மருந்துதான்.

சில ஏசர் மடிக்கணினிகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவற்றில் பயாஸுக்கு ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்தால்தான், கிரப்பின் கோப்பை நம்பகமானதாக அறிவிக்கும் தெரிவு திறக்கும். அந்தக் கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். மறந்தால் பெரிய தலைவலி.

பட்டியலில் உபுண்டு என்ற வரியே இல்லையா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூட் முறையை. பழைய லெகசி முறை, புதிய யுஇஎஃப்ஐ முறை என இரண்டு உண்டு. விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொரு முறையிலும் நிறுவப்பட்டால் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒரே பென் டிரைவ் பூட் மெனுவில் இரண்டு வரிகளாகத் தெரிவதும், அதில் ஒன்றுக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதும் இதனால்தான். கண்ணில் முதலில் பட்டதை அழுத்தியிருப்பீர்கள்.

எந்த முறையில் இருக்கிறோம் என்று அறிய எளிய வழி உண்டு. பென் டிரைவிலிருந்து மின்ட்டைத் தொடக்கி, கோப்பு மேலாளரில் 'ஃபைல் சிஸ்டம்' என்பதைத் திறந்து, அதில் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர் என்ற கோப்புறைக்குப் போங்கள். அங்கே இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் யுஇஎஃப்ஐ முறை, இல்லையென்றால் லெகசி. விண்டோஸ் பக்கம் பார்க்க, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் எழுதியிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவும்படி சொன்னாலும், மின்ட் பயன்படுத்திவரும் நிறுவி கிரப்பை மட்டும் உள் டிஸ்கில், தொடக்க நிரல்களுக்கென்று இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் வைத்துவிடுவதுண்டு. வெளி டிஸ்கை வேறு கணினியில் மாட்டினால் அது எழாததற்குக் காரணம் இதுதான்.

படி 3: பூட் ரிப்பேர்

'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி வந்து கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தால், கிரப்பின் தலை கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. டிஸ்கின் ஒரு பகுதியை (பார்ட்டிஷன்) அழித்தபோதோ நகர்த்தியபோதோ இது நடக்கும். அந்தக் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து மீள்வதற்கும் வழி உண்டு என்றாலும் தொடக்கநிலையில் அதில் இறங்க வேண்டாம்.

மின்ட்டின் பென் டிரைவிலேயே பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. பென் டிரைவை யுஇஎஃப்ஐ முறையில் (உங்கள் விண்டோஸ் லெகசி என்றால் லெகசியில்) தொடக்குங்கள். இணையத்தில் இணையுங்கள். மெனுவில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' பிரிவில் பூட் ரிப்பேரைத் திறந்து, 'ரெகமெண்டட் ரிப்பேர்' என்பதை மட்டும் அழுத்துங்கள். மற்ற தெரிவுகளைத் தொட வேண்டாம். படி 2-இல் சொன்ன முறை குழப்பத்தையும் இதுவே பல நேரங்களில் சரிசெய்துவிடும்.

அதை அழுத்துவதற்கு முன், அதே பென் டிரைவ் சூழலில் கோப்பு மேலாளரைத் திறந்து உங்கள் பழைய கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் பகுதி படிக்க மட்டும் திறந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி அதை அரைத் தூக்கத்தில் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நகலெடுக்க அதுவே போதும்.

படி 4: செக்யூர் பூட் குறுக்கே நிற்கிறது

செக்யூர் பூட் என்பது, நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் தொடங்க விடும் காவல். 'செக்யூர் பூட் வயலேஷன்' என்று வந்தால், யுஇஎஃப்ஐ கிரப்பைப் பார்த்துவிட்டது, ஆனால் கையொப்பத்தை நம்ப மறுக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பல லினக்ஸ் கணினிகளையே இப்படி நிறுத்தியது. 'எஸ்பிஏடி' என்ற எழுத்துகள் செய்தியில் இருந்தால் அதே குடும்பத்துக் கோளாறு. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு லினக்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள்.

ஆனால் நில்லுங்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கும். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு பயாஸில் கை வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார்.

நிறுவிய பின் வரும் நீலத் திரையில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் அது கோளாறே இல்லை. நிறுவும்போது வெளி டிரைவர்களுக்காக ஒரு கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டின்யூ', 'யெஸ்' என்று வரிசையாகப் போய் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும்.

படி 5: கிரப் மெனு வருகிறது, அதற்குப் பின் இருட்டு

கோல் கெர்னலிடம் போய்விட்டது. பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளில் இப்படி ஆகும். முதலில் இரண்டு நிமிடம் பொறுங்கள். எஸ்கேப் விசையை அழுத்தினால் பின்னணியில் ஓடும் வரிகள் தெரியலாம். இல்லாத ஒரு டிஸ்குக்காகக் காத்திருக்கிறது என்றால், வழக்கமாக 90 வினாடிகளில் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடும்.

அசைவே இல்லையென்றால் மீண்டும் தொடக்கி, கிரப் மெனுவில் முதல் வரியின்மேல் நின்று, ஆங்கில இ எழுத்தை அழுத்துங்கள். மெனு வராமல் ஓடிவிட்டால், சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். திறக்கும் பக்கத்தில் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியைத் தேடி, அதன் கடைசியில் உள்ள 'குவயட் ஸ்பிளாஷ்' என்பதற்குப் பின் ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்க்க வேண்டும். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதுங்கள். எஃப்10-ஐ அழுத்தினால் கணினி தொடங்கும். திரை கொஞ்சம் மங்கலாக, எழுத்து பெரிதாகத் தெரியலாம், கவலை வேண்டாம். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான். உள்ளே போனதும் 'டிரைவர் மேனேஜர்' என்பதைத் திறந்து, பரிந்துரைக்கப்படும் என்விடியா டிரைவரை நிறுவினால் அடுத்த முறை தானாக எழும்.

லினக்ஸ் எழுந்தது, விண்டோஸைக் காணோம்

கிரப்பின் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வேலை பல லினக்ஸ் வகைகளில் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மெனுவில் விண்டோஸ் இல்லை என்பதற்காக அது அழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். படி 2-இல் திறந்த அதே பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கச் சொல்லியிருந்தால்தான் அந்த வரியால் பயன் இருக்காது.