பில்லில் டெமரேஜ் என்று வந்தால் என்ன பார்ப்பது

முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நின்றது எது, அது யாருடையது? தமிழில் மொத்தமாகத் தாமதக் கட்டணம் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் கப்பல் நின்றாலும் பெட்டி நின்றாலும் பணமே நின்றாலும் இதே சொல்தான்.

முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்தால், சரக்கை ஏற்றி இறக்க இவ்வளவு நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதற்கு லேடைம் என்று பெயர். அதைத் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று கப்பல்காரருக்குக் கட்ட வேண்டும். லேடைம் எண்ணும்போது ஞாயிறு, மழை நாள் எல்லாம் ஒப்பந்தப்படி கழியலாம், ஆனால் டெமரேஜ் ஓட ஆரம்பித்துவிட்டால் பொதுவாக எதுவும் கழியாது. சீக்கிரம் முடித்தால் டிஸ்பாட்ச் என்று கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பல ஒப்பந்தங்களில் டெமரேஜ் ரேட்டில் பாதி.

கன்டெய்னர்தான் புதிதாக இறக்குமதி செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். இலவச நாள் முடிந்தும் சரக்கோடு பெட்டி துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ், வெளியே எடுத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன், துறைமுகமோ சிஎஃப்எஸ்ஸோ (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைத்துக் கையாளும் கிடங்கு) இடத்துக்குத் தனியாகக் கேட்பது கிரவுண்ட் ரென்ட். சில கப்பல் கம்பெனிகள் முதல் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிடுவார்கள், அதனால் பெயரைப் பார்க்காமல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாருங்கள். புக்கிங் போடும் முன்பே எத்தனை இலவச நாள், எப்போதிலிருந்து எண்ணுவார்கள், விடுமுறையும் சேருமா என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொன்னதெல்லாம் பிறகு நிற்காது. பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி விவரப் படிவத்தை, கப்பல் வரும் முன்பே போடலாம். சிஎச்ஏ (உங்களுக்காகச் சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட்) கேட்கும் வரை காத்திருக்காமல் காகிதங்களை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் நாள் ஏற ஏற ரேட்டும் ஸ்லாப் ஸ்லாபாக ஏறும்.

ரயில்வேயில் வேகன் நின்றால் டெமரேஜ், இறக்கிய சரக்கை அங்கிருந்து எடுக்காவிட்டால் வார்ஃபேஜ்.

சரி, பணத்துக்கு ஏன் இந்தப் பெயர்? பணத்தைச் சும்மா வைத்திருந்தால் அதன் மதிப்பு தேய வேண்டும், அப்போதுதான் கை மாறும் என்றார் சில்வியோ கெசெல் என்ற ஜெர்மன் வணிகர். 1932இல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சின்ன ஊர் அதைச் செய்தும் பார்த்தது: ஊராட்சி வெளியிட்ட நோட்டில் மாதம் 1 சதவீதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டினால்தான் செல்லும். யார் ஒட்டுவது, மாதம் முடியும் முன் செலவழித்துவிட்டார்கள். 1933இல் மத்திய வங்கி அதை நிறுத்தியது.

டெமரேஜ் என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய அர்த்தமும் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு அவுன்ஸ் 22 காரட் தங்கத்துக்கு லண்டன் நாணயச்சாலை 3 பவுண்டு 17 ஷில்லிங் பத்தரைப் பென்ஸ் தந்தது, ஆனால் நாணயம் அடித்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து உடனே கொடுத்தது, ஆனால் 3 பவுண்டு 17 ஷில்லிங் 9 பென்ஸ்தான். அந்த ஒன்றரைப் பென்ஸும் டெமரேஜ்தான். பழைய தங்கக் கணக்கில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள்.