மட்கார்டுக்கு மர அச்சு வடிவமைத்தல்

ஜாகுவார் எக்ஸ்.கே.120 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வகையில், 1950இல் எஃகு உடல் வருமுன் வெளிவந்த ஏறத்தாழ 240 வண்டிகளுக்கு உடல் அலுமினியத் தகட்டால் ஆனது. அவற்றுள் ஒன்றின் முன் மட்கார்டைக் கையால் புதிதாகச் செய்வதாயின், முதலில் மர அச்சு வேண்டும். அச்சின் மேல் வைத்துத் தகட்டை அடிப்பதில்லை. மணல் பையிலும், இரு உருளைகளுக்கிடையே தகட்டை உருட்டி வளைக்கும் இங்கிலீஷ் வீலிலும் வளைத்த தகட்டை அதன் மேல் பொருத்தி, எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே முட்டுகிறது என்று பார்க்கிறோம். எனவே அடி தாங்கும் வலிமையைவிட அளவின் துல்லியமே முக்கியம்.

பழைய மட்கார்டை அளக்கும்போது, வண்டியின் நடுக்கோட்டையும் ரசமட்டம் பார்த்து அமைத்த அடிப்பலகையையும் ஆதாரமாகக் கொண்டு, எல்லா அளவுகளையும் அவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். கையால் செய்த உடலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் அப்படியே ஒத்திருப்பது அரிது. ஒன்றை அளந்து மற்றதற்குத் திருப்பிப் போடுவதை நான் ஏற்பதில்லை.

அந்தந்த இடத்தில் மட்கார்டின் குறுக்கு வளைவைக் கோடாக வரைந்து வெட்டும் குறுக்குப் பலகைகளுக்கு 18 மி.மீ. பிளைவுட் பொருந்தும். வளைவு மெதுவாக ஓடும் இடத்தில் 150 மி.மீ.க்கு ஒன்று போதும். முகப்பு விளக்கைச் சுற்றி அந்த இடைவெளியைப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆக்க வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் உள்ள பலகைகளில் பாதி ஆழத்துக்குக் காடி வெட்டிக் கோத்தால் அச்சு முறுக்காது.

பலரும் கவனிக்காமல் விடுவது பலகையின் தடிமனை. வரைந்த கோடு பலகையின் ஒரு முகத்துக்கே உரியது. மட்கார்டு முன்னோக்கிக் குறுகும் இடத்தில் கோடுள்ள முகம் முன்னே இருந்து, மரம் பருத்த பக்கமாகப் பின்னே நீண்டால், தகடு கோட்டில் மட்டும் தொடும். மாற்றி வைத்தால் மரத்தின் விளிம்பு வளைவுக்கு வெளியே துருத்தும், அதைச் சாய்வாகச் சீவ நேரிடும். அளவு வெளிப்புறத்தில் எடுத்ததாயின் தகட்டின் தடிமனையும் கழிக்க வேண்டும், 1.2 மி.மீ. தகட்டுக்குப் பரப்பின் செங்குத்துத் திசையில் 1.2 மி.மீ. என்பதால், சாய்ந்த பரப்பில் பலகையின் தளத்தில் கழியும் அளவு அதைவிடக் கூடும்.

கோத்து முடித்தபின் நெகிழும் மெல்லிய மரச்சட்டத்தைப் பலகைகளின் மேல் வளைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பலகையில் மட்டும் சட்டம் தூக்கினாலோ படியாவிட்டாலோ பிழை அந்தப் பலகையில்தான். கிளாம்ப் நுழையவும் உள்ளே கைவிட்டுத் தடவவும் நடுவில் துளைகள் தேவை. உட்புறம் மடங்கும் சக்கர விளிம்பில் தகடு சிக்கிக்கொள்ளாதபடி, அப்பகுதியைத் தனித் துண்டாகச் செய்து போல்ட்டில் மாட்டலாம். தகடுகள் சேரும் கோடுகளையும் அச்சிலேயே குறித்துவிட வேண்டும். வளைவு குறைந்த இடத்தில் சேர்ப்பு விழுந்தால், வெல்டிங்குக்குப் பின் இருபுறமும் கருவி செலுத்தித் தட்டிச் சமப்படுத்துவது எளிது.