0.2 மி.மீ. இன்கோனல் 718 தகட்டில் கெமிக்கல் எட்ச்சிங்: தகடு வாங்குவதிலிருந்து ஏஜிங் வரை

கெமிக்கல் எட்ச்சிங் என்பது தகட்டில் வேண்டாத இடத்தைக் கரைசலால் கரைத்துத் துளையும் வடிவமும் வெட்டும் முறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஓடும் லைனிலேயே நிக்கல் உலோகக் கலவையான 718-ஐயும் போடலாம், நேரம்தான் கொஞ்சம் கூடும் என்று நினைத்தால் முதல் ஷீட்டிலேயே வேலை கெடும். இந்த உலோகத்தில் குரோமியம் 17–21%, நயோபியம் 5% அளவு, மாலிப்டினம் 3% அளவு இருக்கின்றன. நிக்கலும் இரும்பும் எட்ச் கரைசலான ஃபெரிக் குளோரைடில் கரைந்துவிடும். நயோபியம், டைட்டானியம் கார்பைடுகள் கரையாமல் கருஞ்சாம்பல் கசடாகத் தகட்டின் மேலேயே உட்கார்ந்து, அடியில் இருக்கும் உலோகத்துக்குக் கரைசல் போகவிடாமல் தடுக்கும். கசடு திட்டுத்திட்டாகப் படிவதால் துளையின் ஓரம் நேராக வராது. கீழே சொல்லும் பாதி ஏற்பாடுகள் இந்தக் கசடைச் சமாளிக்கத்தான்.

தகடு வாங்கும்போதே சொல்யூஷன் அனீல் (சூடாக்கி ஆறவைத்து மென்மையாக்குவது) செய்து, பிரைட் ஃபினிஷில் இருப்பதைக் கேளுங்கள். ஏஜிங் (கடைசியில் ஃபர்னஸில் வைத்துக் கடினமாக்குவது) ஆன தகட்டை எட்ச் செய்தால் பரப்பு சொரசொரப்பாகும் வாய்ப்பு அதிகம். ஆக்சைடு படிந்த தகடு மலிவாகக் கிடைக்கலாம்; அந்தப் படலத்தை எடுக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த குளியல் தேவைப்படும். சின்னப் பட்டறையில் ஹைட்ரோஃபுளோரிக்கை உள்ளே விடாமல் இருப்பதே நல்லது. ஷீட்டில் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம். மையில் உள்ள கந்தகமும் ஈயமும் பிறகு ஃபர்னஸில் நிக்கலைத் தின்னும்.

காரக் கிளீனரில் 55–60°C-இல் எண்ணெய் எடுத்து, பியூமிஸ் பொடி போட்டுத் தேய்த்து, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் முக்கி, நன்றாகக் கழுவுங்கள். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் தண்ணீர்ப் படலம் 30 விநாடி உடையாமல் நிற்க வேண்டும். எங்காவது விலகினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, அடுத்து ஒட்டும் ஃபிலிம் அங்கேதான் தூக்கும்.

38 மைக்ரான் டிரை ஃபிலிமை (ஒளி பட்ட இடத்தில் இறுகி, கரைசலிலிருந்து தகட்டைக் காக்கும் படலம்) இரண்டு பக்கமும் 110°C ரோலரில், நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒட்டி, 15 நிமிடம் ஆறவிட்டு, ஆர்ட்வொர்க் (வடிவம் அச்சிட்ட ஒளிபுகும் ஷீட்) வழியே ஒளி காட்டி எக்ஸ்போஸ் செய்யுங்கள். ஒளி அளவைச் சோதிக்கும் 21 படி ஸ்டெப் டேப்லெட்டில் 7 முதல் 9 வரை நிற்பது சரியான அளவு. டெவலப் செய்ய, அதாவது ஒளி படாத ஃபிலிமைக் கழுவி எடுக்க, 30°C-இல் 1% சோடா ஆஷ் கரைசல். மேல், கீழ் ஆர்ட்வொர்க்குகள் பின் (pin) வைத்துப் பொருந்த வேண்டும். பாலியஸ்டர் ஆர்ட்வொர்க் ஈரப்பதம் 1% ஏறினால் மீட்டருக்கு 9 மைக்ரான் அளவு நீளும். 300 மி.மீ. ஆர்ட்வொர்க்கில் 5% வித்தியாசமே 13 மைக்ரானைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் மேல் பக்கமும் கீழ் பக்கமும் ஒத்துவராமல் போவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அறையைத்தான்.

கரைசலுக்கு 42 போமே (அடர்த்தியை அளக்கும் அளவுகோல்) ஃபெரிக் குளோரைடு (அடர்த்தி 1.41) 100 லிட்டர், 33% ஹைட்ரோகுளோரிக் 3 லிட்டர், வெப்பம் 50–52°C. அமிலம் குறைந்தால் இரும்பு ஹைட்ராக்சைடு படிந்து நாசில் அடைக்கும். கூடினால் ஆவி பறந்து பக்கத்து இயந்திரமெல்லாம் துருப்பிடிக்கும். தொட்டி பாலிபுரொப்பிலீன், ஹீட்டர் டைட்டானியம். ஸ்டெயின்லெஸ் ஹீட்டர் போட்டால் அதுவும் சேர்ந்தே கரையும்.

ஆர்ட்வொர்க் வரையும் முன் கூப்பன் (சோதனைத் துண்டு) ஓட்டுவது கட்டாயம். 50×50 மி.மீ. துண்டில் 0.5, 1, 2 மி.மீ. துளைகளை வரைந்து, ஒரு மூலையை ஃபிலிம் இல்லாமல் விடுங்கள். மூன்று நிமிடம் ஸ்பிரே செய்து அந்த மூலையை மைக்ரோமீட்டரில் அளந்து, எவ்வளவு தடிமன் குறைந்ததோ அதை 2-ஆலும் பிறகு 3-ஆலும் வகுத்தால் ஒரு பக்கத்தின் வேகம் நிமிடக் கணக்கில் கிடைக்கும். துளைகளை முழுக்க ஓட்டுங்கள். இரு பக்க எட்ச்சும் நடுவில் சந்தித்த இடத்தில் ஒரு கூர் விளிம்பு நிற்கும். அது தேவையான அளவுக்குக் கரைந்ததும் நிறுத்தி, டூல்மேக்கர் மைக்ராஸ்கோப்பில் துளையை அளக்கவும். துளை விட்டத்திலிருந்து ஆர்ட்வொர்க் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் அண்டர்கட், அதாவது ஃபிலிமுக்கு அடியில் பக்கவாட்டில் கரைந்த அளவு. அது 0.06 என்று வந்தால், 1.00 மி.மீ. துளைக்கு ஆர்ட்வொர்க்கில் 0.88, 10.00 மி.மீ. வெளி அகலத்துக்கு 10.12. இன்னொருவர் லைனில் கிடைத்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள். 0.2 மி.மீ. தகட்டில் 0.24-க்குக் கீழே துளையும், ±0.025-க்குள் டாலரன்ஸும் கேட்டால் வேறு முறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது 2–2.5 பார் அழுத்தம், ஆடும் நாசில்கள். மேல் பக்கத்தின் நடுவில் கரைசல் தேங்கி அங்கே வேகம் குறையும், அதனால் பாதி நேரத்தில் ஷீட்டைப் புரட்டிப் போடுங்கள். புரட்டும்போதே ஒரு தடவை வெளியே எடுத்து உயர் அழுத்தத் தண்ணீரால் கசடை அடித்துக் கழுவிவிட்டு, தண்ணீரை ஊதி எடுத்த பிறகே திருப்பி அனுப்பவும். பாகங்கள் உதிராமல் இருக்க, அவற்றை ஷீட்டோடு பிடித்து நிறுத்தும் 0.3 மி.மீ. இணைப்பு (tab) போதும்.

போமே மீட்டரை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஃபெரிக் தீர்ந்துகொண்டே வந்தாலும், கரைந்த நிக்கல் அடர்த்தியைத் தூக்கிப் பிடிக்கும், மீட்டர் குறைவைக் காட்டாது. கரைசலின் ஆக்சிஜனேற்றத் திறனை மில்லிவோல்ட்டில் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் வையுங்கள். புதுக் கரைசலின் அளவிலிருந்து 50 மில்லிவோல்ட் இறங்கியதும், முதலில் ஹைட்ரோகுளோரிக், பிறகு நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் கொஞ்சமாக, எக்ஸாஸ்ட் ஓடும்போது மட்டும் சேர்க்கலாம். அடர்த்தியான பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றினால் கொதித்துப் பொங்கும். சேர்த்தும் கூப்பன் வேகம் மீளவில்லை என்றால் நிக்கல் மிஞ்சிவிட்டது, கரைசலை மாற்றுங்கள்.

வெளியே வந்த ஷீட்டை நேராகத் தண்ணீரில் போட்டால் மஞ்சள் கறை பிடிக்கும். முதலில் 5% ஹைட்ரோகுளோரிக், பிறகு தண்ணீர், பிறகு 50°C-இல் 3–5% காஸ்டிக் சோடாவில் ஃபிலிம் உரிப்பு. கடைசியாக டி.ஐ. (அயனி நீக்கிய) தண்ணீரில் குளோரைடு சுத்தமாகப் போகும்வரை கழுவவும். மிச்சம் இருந்தால் சூட்டில் பரப்பை அரிக்கும்.

ஏஜிங் வேக்குவம் ஃபர்னஸில்: 718°C-இல் 8 மணி நேரம், மணிக்கு 55°C வீதம் 621°C-க்கு இறக்கி, மொத்தம் 18 மணி நேரம் ஆகும்வரை அங்கேயே. இதில் உலோகம் சுமார் 0.08% சுருங்கும். 50 மி.மீ. நீளத்தில் அது 0.04 மி.மீ., டாலரன்ஸையே தாண்டும் அளவு. ஆர்ட்வொர்க்கில் அண்டர்கட்டோடு இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கழிவு நீரை pH 9-இல் நிறுத்தினால் குரோமியம் படியும், நிக்கல் பாக்கி நிற்கும். 8.5-இல் ஒரு தடவை, 10-ஐ ஒட்டி இன்னொரு தடவை என்று இரண்டு கட்டமாகப் படியவைத்து, சேற்றை அபாயக் கழிவு அனுமதி உள்ள இடத்துக்கே அனுப்புங்கள்.