"எழுதிக் குடுத்திட்டு நிம்மதியா இரு": பழைய வகுப்புத் தோழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களுக்குப் பத்து வகுப்புக் கீழே படித்தவர்கள் கிளிநொச்சியில் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கியிருக்கிறார்கள். அறுபதில் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்கள், தனித்துப் போனவர்கள். முதுமையில் ஒருவருக்கொருவர் வழி சொல்ல வேண்டும், தெம்பு கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கேட்டேன். போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் வகுப்பு கூடியபோது விட்ட பிழைகள் வரிசை பிசகாமல் அங்கேயும் நடந்துகொண்டிருந்தன.

காலையில் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், குளியலறைத் தரை வழுக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுதுவது நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் புத்திமதியில் வரும் பிழைகளைப் பற்றி. ஒரே வாங்கில் இருந்து படித்தவர் சொன்னால் டொக்டரும் நொத்தாரிசும் சொல்வதைவிடக் கெதியாக நம்புவோம். அந்த நம்பிக்கை பெரிய கொடை. அதனால்தான் வாயைத் திறக்குமுன் யோசிக்க வேண்டும்.

மே மாதத்தில் ஒன்றுகூடல்

வேண்டாம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அது நினைவு நாட்களின் மாதம். தை, மாசியில் காலபோக அறுவடை நடக்கும், வயல்காரர் வரமாட்டார்கள்.

குளிசை பங்கிடுவது

"எனக்கு இது நல்லாக் கேட்டது, நீயும் ரெண்டு போட்டுப் பார்" என்று முழங்கால் உளைவுக்கு டைக்ளோபெனக் அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. கொடுப்பவர் அன்பில்தான் கொடுக்கிறார். ஆனால் டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்ற நோக்குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பிறஷருக்கு லொசாட்டனும் சலம் போகும் குளிசையும் எடுப்பவர் அவற்றோடு இதையும் சேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். வவுனியா மாவட்டம் காரணம் சரியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் இடங்களில் ஒன்று. அந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது, இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு முன்னால் இருக்கும் தோழருக்கு அது இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. குளிசை அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, "கிளினிக் கொப்பியை எடு, நானும் கூட வாறன்" என்று சொல்லுங்கள்.

"எழுதிக் குடுத்திட்டு நிம்மதியா இரு"

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. அன்றைய கூட்டத்திலும் ஒருவர் சொன்னார்: "வீடுவளவைப் பிள்ளைக்கு எழுதிட்டன் மச்சான். இப்ப தலையில பாரமில்லை. நீயும் எழுதிக் குடுத்திட்டு நிம்மதியா இரு." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் வகுப்பிலும் ஒருவர் இதையேதான் சொன்னார். அவருடைய மகள் அவரை நன்றாக வைத்துப் பார்க்கிறாள், அதனால் மனமாரச் சொன்னார். முள்ளியவளைப் பக்கம் உறுதிக்காணி, அதாவது உறுதி எழுதிய சொந்தக் காணி, வைத்திருந்த தோழி ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள். வீட்டோடு சேர்த்து முழு வளவையும் ஒரே மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதினாள். தனக்கென்று ஒரு வரியும் வைக்கவில்லை.

மகன் பொல்லாதவன் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். தாயை அன்பாகத்தான் பார்த்தான். உழவு இயந்திரம் எடுப்பதற்காகக் காணியை ஈடு வைத்தான். அடுத்தடுத்த போகங்கள் அழிந்தன, வட்டி ஏறியது, காணி போய்விட்டது. அவள் தண்ணீர் அள்ளி ஊற்றி வளர்த்த தென்னைகளில் இப்போது வேறு ஆட்கள் தேங்காய் பிடுங்குகிறார்கள். அவள் தங்கை வீட்டு விறாந்தையில் படுக்கிறாள்.

"பிள்ளை பார்க்காட்டி உறுதியைத் திருப்பி எடுக்கலாம்தானே" என்று சிலர் துணிச்சலாகச் சொல்வார்கள். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியை அப்படி நினைத்தவுடன் கிழிக்க முடியாது. பிள்ளை பாரதூரமாக நன்றி கெட்டு நடந்தது என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிறுவ வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே வந்தது. எழுபது வயதில், பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கூண்டில் ஏற எந்தத் தாய் துணிவாள்? எங்கள் தோழிக்கு அந்த வழியும் இருக்கவில்லை. அவளுடைய மகன் கடன்பட்டானே தவிர நன்றி மறக்கவில்லை.

சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தால் போதும். நொத்தாரிசுக்கு அது ஒரு பந்தி வேலை. காணி பிள்ளையின் பெயருக்குப் போகும். உயிருள்ளவரை அதில் இருக்கவும் பலனை எடுக்கவும் உரிமை உங்களிடம் நிற்கும். காணிப் பதிவகத்தில் அது பதிந்திருப்பதால் கடன் கொடுப்பவர் கண்ணில் படும், உங்கள் கையெழுத்தையும் கேட்பார். அந்த இடத்தில் பிள்ளைக்கு இரங்கிக் கையெழுத்தைப் போட்டால் உரித்து வைத்ததில் பயனில்லை. வெளிநாட்டுப் பிள்ளை அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரம்) கேட்டாலும் இதே கவனம் வேண்டும். எந்தக் காணிக்கு, என்ன வேலைக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என வாசித்துப் பாருங்கள். மரணசாதனம் (உயில்) இன்னொரு வழி. நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பிறகு பிள்ளைகள் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டிவரலாம் என்பதே அதன் குறை.

இதெல்லாம் உறுதிக்காணிக்கு. வன்னியில் எல்லாக் காணியும் உறுதிக்காணி இல்லையே! இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்களின் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசிடமிருந்து பேர்மிற்றாகவோ (அனுமதிப் பத்திரம்) அளிப்புப் பத்திரமாகவோ கிடைத்தவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றுக்கு உறுதி முடித்தால் அது செல்லாது. செய்ய வேண்டியது, உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்துப் பதிவது. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும். பிறகு மனம் மாறினால் நியமனத்தை நீக்கலாம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. வட்டக்கச்சித் தோழர் ஒருவர் படிவத்தை நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். பதியாத படிவத்துக்குப் பெறுமதி இல்லை. பின்னுரித்தாளர் இல்லாவிட்டால் சட்டம் போட்ட வரிசைப்படிதான் காணி போகும். அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் நீங்கியது. கடைசிவரை அந்தத் தோழரைப் பார்த்த மகள் இன்னும் பிரதேச செயலகத்துக்கு அலைகிறாள்.

ஆகவே காணி பற்றிக் கதை வந்தால் புத்திமதி சொல்ல வேண்டாம். "உறுதியா, பேர்மிற்றா? கடதாசி கையில இருக்கா?" என்று கேளுங்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் பலரிடம் கடதாசி இல்லை. உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்துக்கும், பேர்மிற் விவரத்துக்குப் பிரதேச செயலகத்துக்கும் அவரோடு கூடப் போங்கள். அந்தப் பயணம்தான் நாங்கள் செய்யக்கூடிய உதவி.

பிணைக் கையெழுத்து

போடாதீர்கள். கேட்டு ஒருவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம்.

"நல்லா உடைஞ்சு போனாய்"

வருத்தம் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொல்லாதீர்கள். அன்றிரவு அவருக்கு நித்திரை வராது.

"மறந்திடு"

தெம்பு சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லும் வார்த்தைகளில் இதுதான் ஆளை ஒதுக்கிவிடும். எங்கள் வகுப்பில் போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராடத் தொடங்கியபோது அந்தப் பந்தலில் எங்களோடு படித்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் "பழசைக் கதைக்காதை, சந்தோசமா இரு" என்றால், அடுத்த மாதம் வரமாட்டார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த வகுப்பில் என்ன குழப்படி செய்தான் என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். ஒரு தோழி பேரப்பிள்ளைகள் பற்றிய கதை எழும்பும்போதெல்லாம் குசினிப் பக்கம் போய்விடுவாள். அவளிடம் மகனைப் பற்றி ஒருவர் கேட்ட நாளுக்குப் பிறகு அவள் ஒரு கூட்டமும் விடவில்லை.

"ஏதும் எண்டால் எடு"

சொல்லிவிட்டுப் போகிறோம், ஒருவரும் எடுப்பதில்லை. கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று இருந்துவிடுவார்கள். தனியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் குறியுங்கள். காலையில் அழைத்து, எடுக்காவிட்டால் அயல்வீட்டுக்கு அடுத்த அழைப்பு போக வேண்டும். அயல்வீட்டு இலக்கம், எடுக்கும் குளிசைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. அதற்குக் காசு இல்லை. காசு கேட்பார்கள் என்று நினைத்து ஓட்டோவுக்கு அலைந்து நேரத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். வன்னி ஒழுங்கைகளில் வீட்டு இலக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்த வாய்க்கால், எந்தக் கோயில் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.