பழைய ஃபைபர் படகை முதல் தடவை சீர்செய்ய நினைப்பவருக்கு

ஃபைபர் படகைச் சீர்செய்வது என்றாலே பலருக்கும் ரெசின் (கண்ணாடி இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) வாளியும் ரோலரும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த வேலை கடைசியில் வருவது, சீக்கிரம் முடிந்தும் போகும். படகு நிற்குமா நிற்காதா என்பதை அதற்கு முன்னால் செய்கிற மூன்று வேலைகள் முடிவு செய்துவிடும்: கழுவுவது, காய வைப்பது, கிரைண்டர் போட்டுத் தேய்ப்பது. புது ஃபைபர் பழைய ஃபைபரோடு உருகி ஒன்றாவதில்லை, ஒட்டிக்கொள்ள மட்டும்தான் செய்யும். ஒட்டுகிற இடத்தில் ஈரமோ உப்போ பெயின்ட்டோ இருந்தால், மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் அலை அடிக்க அடிக்கப் பெயர்ந்து வந்துவிடும்.

நான் தொழிலால் எலக்ட்ரீசியன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது, சேதுபாவாசத்திரம் பக்கம் என் மாமாவின் 22 அடிப் படகு மேல் ஒரு தென்னை விழுந்தது. இடது பக்க விளிம்பு உடைந்து, கீழே ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அதோடு கரையில் கவிழ்த்துப் போட்டதுதான். பல வருஷம் கழித்து, நண்டு வலைக்குப் போக ஆசைப்பட்டு அதை நான் எடுத்துக்கொண்டேன். மரப் படகாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். பலகை மாற்றுவதும் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று போடுவதும் ஆசாரி வேலை, பார்த்துப் பழகாமல் கை வைக்க முடியாது. ஃபைபரைப் பொறுமையுள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் இந்தப் படகு சீர்செய்யத் தகுந்ததா என்று பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக மாறும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். கொப்புளம் போல் உப்பியிருக்கும் இடங்களைக் குத்திப் பார்த்தால் வினிகர் மாதிரிப் புளித்த வாடையோடு தண்ணீர் கசியும். ரெசினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கங்கே பத்து இருபது கொப்புளம் என்றால் தேய்த்து மூடிவிடலாம். அடிப்பகுதி முழுக்க அப்படித்தான் என்றாலோ, ஏரா (அடியில் நடுவே ஓடும் முதுகெலும்பு) நீளவாக்கில் பிளந்து படகே முறுக்கிக்கொண்டிருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். முதல் வேலைக்கு அது ஆகாது.

பிறகு என்ஜின் பலகை. பின்பக்கத்தில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்திருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மட்கிப் போயிருக்கும். 4 மி.மீ. பிட் போட்டு உள்பக்கமிருந்து தாழ்வான இடத்தில் துளைத்துப் பாருங்கள். வெளியே வரும் தூள் காய்ந்த மரநிறத்தில் இருந்தால் நிம்மதி. கறுப்பாக ஈரத்தோடு வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும். எனக்குக் கறுப்பாகத்தான் வந்தது.

காகித விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மீன்வளத்துறையில் படகின் பதிவு எண் யார் பேரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் ரெசின் வாங்கப் போங்கள்.

நம் கரையில் இந்த வேலைக்கு மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும், எதுவும் காயாது. நல்ல தண்ணீரால் படகை உள்ளும் புறமும் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, நாள் விட்டு நாள் சில தடவை. உப்பு மிச்சம் இருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மிதவை அறை இருக்கும் படகென்றால் அதன் அடியில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடிய விடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஊறிப்போயிருந்தால் வெட்டி எடுத்து எறிய வேண்டியதுதான். அது காயவே காயாது.

தேய்க்க ஆரம்பிக்கும் முன் படகை நேராக நிறுத்துவது முக்கியம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உடைந்த படகு தன் வடிவத்தைப் பிடித்து வைக்காது. கோணலாகக் கிடக்கும்போது ஒட்டுப் போட்டால் அந்தக் கோணல் அப்படியே இறுகிவிடும். மணல் மூட்டைகளை இரண்டு பக்கமும் அணைத்து வைத்து, அணியத்தின் நுனியிலிருந்து பின்பலகையின் நடு வரை ஒரு நூல் கட்டுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் இரண்டு விளிம்பையும் ஒப்பிடுங்கள். உடைந்த பக்கம் என் படகில் உள்ளே மடங்கியிருந்தது. குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைக் கொடுத்து, ஆப்பு அடித்து அதை வெளியே தள்ளி நிறுத்தினேன்.

தேய்க்கும் வேலைக்கு 4 அங்குல கிரைண்டரும் 36 அல்லது 40 நம்பர் எமரி வட்டும் போதும். கரையில் வைத்து மின்சாரக் கிரைண்டர் ஓட்டுபவர்களிடம் என் தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன்: மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் செருகாதீர்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். ஒட்டுப்போட்ட ஒயர் ஒன்று போதும், உயிர் போய்விடும்.

கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரவு முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்95 முகமூடி எல்லாம் வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், தேய்த்துக் குளிப்பது அப்புறம். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போட்டுவிடாதீர்கள்.

விரிசலைச் சுற்றி உடைந்து தொங்குவதை எல்லாம் வெட்டி எடுத்து, உறுதியான ஃபைபர் வரும்வரை போங்கள். பிறகு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது கணக்கு. படகின் கனம் 4 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 செ.மீ. சரிவு வர வேண்டும். பார்க்கும்போது நல்ல ஃபைபரை வீணாக அழிப்பது போலத் தோன்றும். அந்தச் சரிவுதான் ஒட்டுக்கு இடம் தருகிறது.

பழைய படகுகளில் கீறல் விழுந்த இடத்தில் எம்-சீல் அப்பியிருப்பார்கள், சில இடங்களில் தாரும் இருக்கும். கடைசித் துணுக்கு வரை சுரண்டி எடுங்கள். எம்-சீல் எபாக்சி வகை. நாம் போடப்போகும் பாலியெஸ்டர் ரெசின் அதன்மேல் சரியாகப் பிடிக்காது.

தேய்த்து முடித்த அன்று எனக்கு உடனே ரெசின் கலக்கக் கை துறுதுறுத்தது. பக்கத்துப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, காஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கையால் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அவர் ஒரு பாலித்தீன் தாளை வெட்டித் தேய்த்த இடத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, "வெயில்ல கெடக்கட்டும், நாளைக்குப் பாரு" என்று போனார். மறுநாள் தாளின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளி. அந்தத் தாளில் வேர்ப்பு அடங்கும்வரை நான் ரெசின் டின்னைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் வாங்கும்போது தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதிக்கு ஐசோ ரெசின் கேளுங்கள். சாதாரண ஜி.பி. ரெசினைவிட விலை கூடுதல், ஆனால் தண்ணீரைத் தாங்கும். மேட் (கண்ணாடி இழைப் பாய்) 450 கிராம், ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) 600 கிராம் என்று சொன்னால் கொடுப்பார்கள். ஒரு சதுர மீட்டரின் எடை அது. ஒரு அடுக்கு மேட் காய்ந்தபின் சுமார் 1 மி.மீ. கனம் தரும், ரோவிங் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மேட்டின் எடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும், ரோவிங்குக்கு அதன் எடைக்குச் சமம். இதை வைத்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள். டின்னில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். கலக்காத ரெசின் என்றால் கோபால்டை முதலில் ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஊற்ற வேண்டும். கோபால்டும் கேட்டலிஸ்ட்டும் நேராக ஒன்றையொன்று தொடக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வேண்டாம்.

நம் வெயிலுக்குக் கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும், அதற்குக் கீழே குறைக்காதீர்கள். ஒரு கிலோ ரெசினுக்குச் சுமார் 10 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்துகொள்வேன். ஒரு நேரத்தில் அரை கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். குவளையில் மிச்சம் கிடக்கும் ரெசின் தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், அதை உடனே மணலில் மெல்லிசாகக் கொட்டிப் பரப்பிவிடுங்கள். பந்தல் போட்டு நிழலில், காற்றோட்டமான இடத்தில், காலையில் பனி உலர்ந்த பிறகு ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடிப்பது எனக்குத் தோதாக இருந்தது. என்95 முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

ஓட்டையை உள்பக்கமிருந்து அடைத்தேன். வெளிப்பக்கம் ஒரு சன்மைக்கா துண்டுக்கு நன்றாக மெழுகு தேய்த்து, படகின் வளைவுக்கு ஏற்ப வளைத்து இறுக்கி வைத்தேன். அதன்மேல் உள்ளிருந்து ஜெல்கோட் (படகின் வெளித்தோலாக நிற்கும் ரெசின் பூச்சு). விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் மேட் போட ஆரம்பிக்க வேண்டும். பழைய ஃபைபரைத் தொடும் முதல் அடுக்கு மேட்டாகவே இருக்கட்டும், ரோவிங் நேராக ஒட்டினால் பிடிப்பு குறைவு. நான் பெரிய துண்டை முதலில் போட்டு, பிறகு சிறியதாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். மேட், ரோவிங், மேட், ரோவிங், கடைசியில் மறுபடி மேட். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் இழையாகி, ஒட்டு மேடு தட்டாமல் படியும். இரும்பு ரோலரை மெதுவாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. மேட் ஈரத்தில் கண்ணாடி போலத் தெளிய வேண்டும், ரெசின் குளமாகவும் தேங்கக் கூடாது. ஒரே மூச்சில் நாலு அடுக்குக்கு மேல் போனால் சூடேறிச் சுருங்கும். மிச்சத்தை மறுநாள் போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் மறுபடி எமரி தேய்த்துவிட்டே தொடர வேண்டும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கொஞ்சம் கலந்தால்தான் மேல்பரப்பு பிசுக்கு இல்லாமல் இறுகும்.

ஏராவுக்கு இரண்டு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். கரையில் இழுத்து ஏற்றும் படகுக்கு முதலில் தேய்வது அதுதான்.

என்ஜின் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். 18 மி.மீ. தாள் இரண்டை ரெசினில் நனைத்த மேட்டை நடுவில் வைத்து ஒட்டி இறுக்கினேன். உள்தோலை வெட்டி எடுத்து, மட்கிய மரத்தைச் சுரண்டி, வெளித்தோலை நன்றாகக் காயவைத்துத் தேய்த்துவிட்டு, புதுப்பலகையை வைத்து மூடினேன். மூலைகளில் ரெசின் பட்டி (தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசின்) வைத்து வளைவாக்கினால் மேட் மடங்கி நிற்காது. போல்ட் ஓட்டையைத் தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, ரெசின் பட்டியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். அப்போது மரத்தைத் தண்ணீர் தொடவே முடியாது. போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 மலிவு, ஆனால் உப்புக்காற்றில் குழி விழும்.

மிதவை விஷயத்தில் கவனம். ஃபைபர் தண்ணீரில் மூழ்கும் பொருள். நீருக்குள் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். 360 கிலோ கூடு என்றால் 120 கிலோ, 60 கிலோ என்ஜினுக்கு 50 கிலோ. இந்த 170 கிலோவைத் தூக்கி, பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கும் இடம் விட்டு 240 லிட்டர் மிதவை என்று கணக்குப் போட்டேன். மூடி இறுக்கி ஒட்டிய 20 லிட்டர் கேன் பன்னிரண்டு. அவற்றை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து, அசையாமல் கட்டி, மேலே அறை மூடினேன். தெர்மகோல் போட நினைக்காதீர்கள், ரெசின் பட்டதும் கரைந்துவிடும்.

வர்ணம் உங்கள் விருப்பம். பதிவு எண்ணை மட்டும் பெரிதாக, தெளிவாக எழுதுங்கள்.

கடலில் விடுமுன் கரையிலேயே படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, வெளியே ஒட்டுப் போட்ட ஓரமெல்லாம் சுண்ணக்கட்டி தேய்த்துவிட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் சுண்ணாம்புக் கோடு கறுக்கும். பிறகு என்ஜின் இல்லாமல் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு இரவு கட்டி வையுங்கள். அதற்கப்புறம் என்ஜினை ஏற்றி, கரை கண்ணில் படும் தூரத்தில் மட்டும் ஓட்டுங்கள். முதல் சில ஓட்டத்துக்கு அப்புறம் என்ஜின் பலகையின் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்க வேண்டியிருக்கும். அப்போது அதே ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒட்டுப் போட்ட இடங்களையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.